தெரேசம்மாளின் முதற் பிள்ளை

பாடுபட்ட சுரூபத்தையும் ரோஜா மலர்களையும் கையில் ஏந்தி நிற்கும் குழந்தை சேசுவின் அர்ச். தெரேசம்மாளை நீங்கள் நன்கு அறிவீர்கள். அந்தக் கார்மேல் மடத்துக் கன்னிகைக்கு ஒரு பிள்ளை இருந்தான் என்றால் வியப்படைவீர்கள். அவன் ஒரு கொலைகாரன் என்றால் இன்னும் அதிகமாக வியப்படைவீர்கள் அல்லவா?

1887-ம் ஆண்டு. பிரான்சு தேசத்தின் லிசியே நகரில் தெரேசம்மாள் தன் தகப்பனார் வீட்டில் பதினான்கு வயதுச் சிறுமியாய் இருந்தாள். அவ்வாண்டில் பாரிசு பட்டணத்தில் நகைகளுக்கு ஆசைப்பட்ட ஒருவன் இரண்டு பெண்களையும் ஒரு சிறுமியையும் கொன்றுபோட்டான். அவன் பெயர் பிரான்சினி. ஜூலை மாதத்தில் அவனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவனோ மனஸ்தாபத்தின் அடையாளம் எதையும் காட்டவில்லை. ஊரெல்லாம் அவனைச் சபித்தது. தெரேசம்மாளுக்கு மட்டும் அவனுடைய ஆத்துமம் நரகத்தில் விழக்கூடாதே என்ற ஏக்கம் பிறந்தது.

தன்னிடம் ஒன்றுமில்லை என்பதை உணர்ந்த சிறுமி, சேசுநாதருடைய அளவில்லாப் பேறுபலன்களையே அவனுக்காகப் பிதாவுக்கு ஒப்புக்கொடுத்தாள். அவனுக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுக்கும்படி நேரில் கேட்கக் கூச்சப்பட்டு, அக்காள் செலினிடம் விஷயத்தைச் சொல்லி ஏற்பாடு செய்தாள். ஆண்டவர் அவனை மன்னிப்பார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஆயினும் தன் ஆறுதலுக்காக ஒரே ஓர் அடையாளம் கேட்டாள்.

ஆகஸ்டு 31-ந் தேதி பிரான்சினி சிரச்சேதம் செய்யப்பட்டான். மறுநாள் தெரேசம்மாள் செய்தித்தாளைத் திறந்து பார்த்தாள். அவன் பாவசங்கீர்த்தனம் செய்யாமலே மேடை ஏறினான். ஆனால் கடைசி நொடியில் சட்டென்று திரும்பி, குருவானவர் கையிலிருந்த பாடுபட்ட சுரூபத்தை மூன்று முறை முத்தமிட்டான். இதை வாசித்ததும் அவள் கண்கள் கலங்கின. பிறர் பாராதபடி ஒதுங்கிச் சென்றாள். அன்றுமுதல் அவனைத் தன் முதற் பிள்ளையென்றே எண்ணி வந்தாள்.

பதினைந்தாம் வயதில், 1888-ல், கார்மேல் மடம் சேர்ந்தாள். 1896-ம் ஆண்டு பெரிய வியாழன் இரவு க்ஷயரோகத்தால் வாயிலிருந்து இரத்தம் வந்தது. மோட்சம் நெருங்குகிறதென்று மகிழ்ந்தாள். ஆனால் சில நாட்களில், பாஸ்குக் காலத்திலேயே, பெரும் இருள் அவள் ஆத்துமத்தைச் சூழ்ந்தது. மோட்சம் என்று ஒன்று உண்டோ என்ற சோதனை மரணமட்டும் அவளை வாட்டியது.

அன்பான வாசகரே, கவனியுங்கள். அந்த இருளில் அவள் என்ன செய்தாள்? விசுவாசப் பிரமாணத்தைத் தன் இரத்தத்தால் எழுதி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். விசுவாசமில்லாதவர்களோடு தானும் ஒரே பந்தியில் அமர்ந்திருப்பதாக எண்ணி, அவர்களுக்காக மன்றாடினாள். ஆப்பிரிக்காவுக்குப் போகவிருந்த ஒருவருக்கும் சீன தேசத்தில் உழைத்த ஒரு குருவுக்கும் தைரியம் கூறிக் கடிதங்கள் எழுதினாள். நோயால் தள்ளாடி நடந்த அடிகளையும், எங்கோ களைத்து நடக்கும் ஒரு வேதபோதகருக்காக ஒப்புக்கொடுத்தாள். மோட்ச நம்பிக்கை என்பது மனதில் தோன்றும் இன்ப உணர்ச்சியல்ல, தேவ வாக்கைப் பற்றிக்கொள்வதே என்று இதனால் விளங்குகிறதன்றோ?

1897-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி, இருபத்துநான்கு வயதில் மரித்தாள். 1925-ல் அர்ச்சியசிஷ்டவளாக உயர்த்தப்பட்டாள். மடத்து மதிலைத் தாண்டி எந்த வேதபோதக நாட்டுக்கும் போகாத அவளை, 1927-ல் பதினோராம் பத்திநாதர் பாப்பரசர் அர்ச். சவேரியாரோடு வேதபோதக நாடுகளுக்குப் பாதுகாவலியாக ஏற்படுத்தினார்.

எப்படியும் மோட்சம் போவோம் என்று அசட்டையாயிருப்பதும் பாவம். நமக்கு மோட்சம் இல்லையென்று மனமுடைவதும் பாவம். இரண்டுக்கும் நடுவே செல்லும் பாதையே தேவ நம்பிக்கை. அதைத் தனக்கென்று மட்டும் பூட்டி வைக்கிறவனிடம் அது வாடிப்போகும்.

உங்கள் குடும்பத்திலும் பல வருஷமாய்ப் பாவசங்கீர்த்தனத்தை விட்டுவிட்ட ஒருவர் இருக்கலாம். குடியில் மூழ்கிய அண்ணன் இருக்கலாம். இனி திருந்தமாட்டான் என்று நீங்களே கைவிட்டவர் யார்? இன்றிரவு குடும்ப ஜெபமாலையில் அவருக்காக ஒரு பத்துமணி சொல்லுங்கள். நாளை அவரைக் கண்டால் ஓர் அன்பான வார்த்தை பேசுங்கள். அடையாளம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஜெபத்தை நிறுத்தாதேயுங்கள்.