காட்ஸில்லாவை எடுத்த போர்க்கைதி!

சயின்ஸ் ஃபிக்‌ஷன்னாலே பில்டிங் இடியும், மான்ஸ்டர் உறுமும், கதை மட்டும் காணாமப் போயிடும்னு சலிச்சுக்கிறவரா நீங்க? அப்போ இஷிரோ ஹோண்டாவைத் தெரிஞ்சுக்கணும்.

1911-ல் ஜப்பானின் யமகட்டாவில் பிறந்தவர். உதவி இயக்குநராக இருந்தவரை ராணுவம் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டது. சீனாவில் போர்க்கைதியாக இருந்துவிட்டு 1946-ல் ஊர் திரும்பும் வழியில், ஹிரோஷிமாவைப் பார்த்தார். அணுகுண்டு விழுந்து சில மாதங்களே ஆகியிருந்த நகரம்.

1954-ல் 'கோஜிரா' வந்தது. நமக்கு காட்ஸில்லா! கனமான ரப்பர் சூட்டுக்குள் ஒரு நடிகர் நின்று, மினியேச்சர் டோக்கியோவை மிதித்து நொறுக்கினார். எஃபெக்ட்ஸ், எய்ஜி சுபுராயா. இன்னைக்குப் பார்த்தா லேசா சிரிப்புக்கூட வரும். ஆனா, அந்தத் தீக்கு நடுவுல ஒரு அம்மா குழந்தைகளை அணைச்சுக்கிட்டு, சீக்கிரமே அப்பாகிட்ட போயிடலாம்னு சொல்வாங்க. மறுநாள் ஆஸ்பத்திரியில், ஒரு குழந்தைமேல் கதிர்வீச்சு அளக்கும் கருவியை வெச்சுப் பார்த்துட்டு, விஞ்ஞானி பேசாம தலையை ஆட்டுவார். நகரம் இடியலைன்னா இந்தக் காட்சிகளுக்கு வேலையே இல்லை.

பிரம்மாண்டம் டிராமாவைக் கொன்னதும் உண்டு. 1962-ல் கிங்காங்கும் காட்ஸில்லாவும் குஸ்தி போட்டப்போ ஹிரோஷிமா சுத்தமா மறந்துபோச்சு. அதை எடுத்ததும் இதே ஹோண்டாதான்!

பிற்காலத்தில் நண்பர் அகிரா குரோசவாவின் 'காகேமுஷா', 'ரான்' படங்களில் கூட நின்று உழைத்தார். 1993-ல் காலமானார்.

பார்க்கிறதா இருந்தா, 1954-ன் ஜப்பானிய கறுப்பு வெள்ளைப் படத்தையே தேடிப் பாருங்க. ஒன்றரை மணி நேரம்தான்.