வெள்ளணுக்களின் தொண்டு கண்ட அறிஞர்

பட்டு நெசவிற் பெயர்பெற்ற ஆரணியில், பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் தறியை நிறுத்துவர். அறுந்த முனைகளைப் பிணைத்த பின்னரே மேலும் நெய்வர். நம் உடலில் ஊறு நேருமிடத்து அதனைச் சீர்செய்வோர் யாவர்? குருதியிலுள்ள வெள்ளணுக்கள் அப்பணியிற் பெரும்பங்கு கொள்கின்றன. அவற்றின் தொண்டினை உலகிற்கு உணர்த்தியவர் இலியா மெச்னிகோவ் என்னும் அறிஞர் ஆவார்.

இவர் 1845ஆம் ஆண்டில், இன்று உக்ரைன் நாட்டிலுள்ள கார்கோவ் நகரையடுத்த சிற்றூரிற் பிறந்தார். இளமையிலேயே உயிர்நூலில் வேட்கை கொண்டு பயின்று, ஒடெசாப் பல்கலைக்கழகத்தில் விலங்கியற் பேராசிரியராய் விளங்கினார். 1873இல் மனைவியாரைக் காசநோய்க்குப் பறிகொடுத்துப் பெருந்துயர் உற்றார்.

1882இல் அவர் பல்கலைக்கழகப் பணியைத் துறந்து, சிசிலித் தீவிலுள்ள மெசீனா நகரிற் குடும்பத்தாருடன் தங்கினார். ஒருநாள் வீட்டினர் வித்தை காட்டும் குரங்குகளைக் காணச் சென்றனர். தனித்திருந்த மெச்னிகோவ், பளிங்குபோல் உட்புறம் தெரியும் நட்சத்திர மீனின் இளவுயிர்களை நுண்பெருக்கியில் நோக்கிக்கொண்டிருந்தார். அவற்றினுள் இயங்கித் திரியும் அணுக்கள், உடலுட் புகும் பகையை எதிர்க்குமோ என்னும் எண்ணம் மின்னலெனத் தோன்றிற்று. உடனே தோட்டத்து ரோசாச் செடியின் சிறு முட்களைப் பறித்து, அவ்வுயிர்களின் தோலுக்கடியிற் செருகினார். அன்றிரவு அவர்க்கு உறக்கம் வரவில்லை. விடியலில் நோக்கியபோது, முட்களைச் சூழ்ந்து அணுக்கள் திரண்டிருந்தன!

அக்காலத்து மருத்துவருட் பலர், வெள்ளணுக்கள் நோய்க்கிருமிகளை உடலெங்கும் பரப்புவன என்றே கருதினர். அவை கிருமிகளை விழுங்கி அழிப்பன என்று இவர் கூறியபோது எதிர்ப்பு எழுந்தது. குருதிநீரே உடலுக்குக் காப்பு என ஜெர்மானிய அறிஞர் வாதிட்டனர். இவரோ தளராது ஆய்ந்தார். 1888இல் பாரிசு நகரத்துப் பாஸ்டர் ஆய்வு நிலையம் இவருக்கு இடமளித்தது. 1908இல், குருதிநீர்க் கொள்கையினரான பால் எர்லிக்குடன் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இரு திறத்தார் கூற்றும் மெய்யே என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

மெச்னிகோவ் 1916இல் இயற்கை எய்தினார். அவர் தொடங்கிய ஆய்வு இன்றும் தொடர்கின்றது. நம் சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் குருதியை வடித்துத் தூய்மை செய்யும் நுண்குழல்கள் ஏறத்தாழ 10 இலட்சம் உள. குருதியோட்டம் குன்றியோ நஞ்சு தாக்கியோ அவை ஊறுபடின், விழுங்கும் அணுக்கள் அங்குத் திரண்டு, மாண்ட அணுக்களை அகற்றுகின்றன. தொடக்கத்தில் அவற்றின் சீற்றம் கேட்டை மிகுவிப்பதும் உண்டு. பின்னர் அவை தன்மை மாறி, குழல்கள் மீண்டும் வளரத் துணைபுரிகின்றன. சீற்றம் தணியாது நீடிப்பின், வடுப் பரவிச் சிறுநீரகம் செயல் குன்றும். ஆதலின், அச்சீற்றத்தைத் தணிவித்து ஆக்கத் தொழிலில் ஈடுபடுத்தும் மருந்துகளை இன்றைய ஆய்வாளர் நாடுகின்றனர்.

பிறர் எதிர்ப்புக்கு அஞ்சாது உண்மையைத் தேடுவோரின் உழைப்பு, அவர் மறைந்த பின்னும் மன்னுயிர்க்குப் பயன்படும் என்பதை மாணவர் உளங்கொள்வாராக.