திருவெண்காடர் துறந்த பொருளும் துறவாத கடனும்

இல்லத்தே வேண்டாப் பொருள்கள் மல்கிவிட்டன என்றும், அவற்றைக் களைந்து எளிய வாழ்வு வாழ்தல் வேண்டும் என்றும் இந்நாளிற் பலரும் பேசக் கேட்கின்றோம். அது நன்றே. எனினும், பொருளைக் களைதல் எத்தகைய செயல், களைந்தார்க்கும் அவரைச் சார்ந்தார்க்கும் அதனால் வந்து எய்துவன யாவை என்று ஆராய்வார் சிலரே. ஒரு பகலில் தம் மாளிகை முழுவதையும் வெறுமையாக்கி வெளிப்போந்த பெருமகன் ஒருவர் நம் சைவ உலகில் உளர். அவர், காவிரிப்பூம்பட்டினத்துத் திருவெண்காடர் என்னும் பட்டினத்துப் பிள்ளையார். அவர்தம் சரிதம் அன்பர்கள் அறியாததன்று. அறிந்த அதனையே இப்பொருள் பற்றி மீளவும் ஒருமுறை நோக்குதல் எம் கருத்து.

இக்கருத்து எமக்கு எழுந்தமைக்கு ஒரு காரணம் உண்டு. சென்ற போகிப் பண்டிகையன்று எம் இல்லத்துப் பரணைத் தூய்மை செய்யப் புகுந்தோம். விளிம்பு நெளிந்த வெண்கலச் செம்பு, கால் ஒடிந்த மணை, செல்லரித்துப் பொடியாய் உதிரும் ஏட்டுச் சுவடிகள், எம் பாட்டனார் காலத்து மரப்பெட்டி என இவையெல்லாம் காலையிற் கீழே இறங்கின. மாலை விளக்கேற்றுமுன் அவற்றுட் பெரும்பாலன மீண்டும் பரண்மேல் ஏறின. ஏற்றியவர் பிறர் அல்லர், யாமே. செம்பிலே தண்ணீர் நில்லாது. அது தெரிந்தும் அதனைக் கொடுக்கக் கை வரவில்லை. துறவைப் பற்றி முப்பது ஆண்டுகள் பாடஞ் சொன்ன வாய்க்கு இஃது ஒரு நல்ல சோதனை என்று மனைவியார் நகைத்தனர். அன்றிரவு எம் நினைவு திருவெண்காடர்பாற் சென்றது.

பட்டினத்தார் என்னும் பெயரால் வழங்குவோர் ஒருவரோ பலரோ என்பது ஆராய்ச்சியாளரிடை உள்ள வினா. 11ஆம் திருமுறையுள் கோயில் நான்மணிமாலை, திருக்கழுமல மும்மணிக்கோவை, திருவிடைமருதூர் மும்மணிக்கோவை, திருவேகம்பமுடையார் திருவந்தாதி, திருவொற்றியூர் ஒருபா ஒருபஃது என்னும் 5 நூல்கள் பட்டினத்துப் பிள்ளையார் பெயரால் அமைந்துள்ளன. அவற்றின் நடை செறிவுடைய பழந்தமிழ் நடை. பொதுமக்கள் நாவில் வழங்கும் பட்டினத்தார் பாடல்களின் நடையோ எளியது, பிற்காலத்தது. ஆதலின் 10ஆம் நூற்றாண்டை ஒட்டி ஒருவரும், அதற்குச் சில நூற்றாண்டுகள் பின்னர் மற்றொருவரும் இருந்தனர் என்று கொள்வார் பலர். எமக்கும் அதுவே பொருத்தமாகத் தோன்றுகின்றது. ஆயினும், ஈண்டு யாம் எடுத்துக்கொண்டது இருவரையும் ஒருவராக்கி மரபு வழங்கும் சரிதமேயாம். மடங்களிலும் ஆலயங்களிலும் வழிவழியாக அன்பர் உள்ளத்தை உருக்கி வருவது அதுவே.

காவிரி கடலொடு கலக்கும் துறையில், வணிகர் குலத்தில், சிவநேசர் என்பார்க்கும் ஞானகலை அம்மையார்க்கும் மகவாய்த் தோன்றினார் திருவெண்காடர். குபேரனே அவ்வாறு வந்து பிறந்தனன் என்று மரபு கூறும். செல்வத்துக்குத் தலைவன் என்று சொல்லப்படுவோனே செல்வத்தைக் கைவிடக் கற்க நிலமிசைப் பிறக்க வேண்டியிருந்தது என்னும் இக்குறிப்பு எம்மைப் பலமுறை சிந்திக்கச் செய்துளது. கடல் வாணிகத்தால் அவர் பெருஞ் செல்வராயினார். சிவகலை என்னும் நங்கையை மணந்தார். மகப்பேறு இன்மையால் வருந்தித் திருவிடைமருதூரில் வறுமையுற்ற சிவாசாரியர் ஒருவர்பால் குழந்தை ஒன்றைப் பெற்று, அதற்கு ஈடாகப் பொன் நிறைத்துக் கொடுத்தனர். அக்குழந்தையே மருதவாணர்.

மருதவாணர் வளர்ந்து கடல் வாணிகம் சென்று மீண்டபோது மரக்கலத்தில் வந்திறங்கியவை வரட்டியும் தவிடும். தந்தையார் வெகுண்டார். மைந்தர் ஒரு சிறு பேழையைத் தாய் கையிற் கொடுத்து மறைந்தருளினார். பேழையுள் இருந்தவை இரண்டே: காதில்லாத ஊசி ஒன்று, ஓர் ஓலை நறுக்கு. இறுதிப் பயணத்தில் அவ்வூசியளவு பொருளும் உடன் வாராது என்பது நறுக்கின் கருத்து. அதனை அறியாதார் எவர்? திருவெண்காடரும் முன்னரே அறிந்திருப்பர். எத்தனையோ ஏடுகளிற் படித்த ஒன்றைத் தம் மகன் கைப்பட வந்த ஓலையிற் படித்தபோதுதான் அவர்க்கு உள்ளம் திறந்தது. பயனற்ற ஊசி ஒன்றைப் பேழையில் வைத்துப் போற்றிக் கொடுத்ததில் அடங்கிய நகையையும் அவர் உணர்ந்திருத்தல் வேண்டும். மாளிகை நிறைய அவர் சேர்த்து வைத்தவையும் அத்தகைய ஊசிகளே அன்றோ!

அவ்வளவில், உடுத்த கோவணத்தொடு வெளிப்போந்தார். இனி நிகழ்ந்ததைக் கதை சொல்வோர் விரைந்து கடந்து செல்வர். யாம் சற்றே நிற்க விரும்புகின்றோம்.

அவர்க்குக் கணக்கராய் இருந்தவர் சேந்தனார். தலைவரது கருத்தறிந்து அவர் கருவூலத்தைத் திறந்துவிட்டார். வேண்டுவார் வேண்டுவன வாரிச் சென்றனர். ஊரார் மகிழ்ந்தனர்; உறவினர் மகிழ்ந்திலர். அவர்கள் சோழ மன்னன்பாற் சென்று முறையிட, மன்னன் சேந்தனாரைச் சிறையில் இட்டான். பொருளை விட்டவர் தெருவில் விடுதலையோடு உலாவினார். அவர் சொல்லைச் செய்தவர் காலில் விலங்கு ஏறிற்று. மடங்களிற் கணக்கெழுதும் அன்பர்கள் இப்பகுதியைப் பிறரினும் நன்கு உணர்வர் என்று நம்புகின்றோம். பொருள் என்பது வெற்றிடத்தில் இருப்பதன்று. அதனைச் சுற்றிக் கணக்கும், உரிமையும், எதிர்பார்ப்பும், பொறாமையும் கொடிபோற் படர்ந்துள்ளன. நடுமரத்தை ஒருவர் வெட்டி வீழ்த்தினால் கொடிகள் அண்டை நின்றார்மேல் விழும். சிவகலையாரின் நிலை பின்னர் என்னாயிற்று என்பதைச் சொற்பொழிவாளர் பெரும்பாலும் விரித்துரைப்பதில்லை. எமக்கு அது குறையாகவே படுகின்றது.

சேந்தனாரின் மனைவியாரும் மகவும் திருவெண்காட்டில் அடிகளை அடைந்து அழுதனர். துறந்தார்க்கு இனி அவ்வழக்கில் என்ன தொடர்பு என்று அவர் முகந்திருப்பவில்லை. சுவேதாரணியப் பெருமான் திருமுன் நின்று அடியவரது விலங்கு நீங்க வேண்டினார். திருவருளால் தளை தெறித்தது. தமக்கென யாதும் வேண்டாத ஒருவர் பிறர்பொருட்டு இரந்து நின்ற இவ்விடமே, அவர் துறவு வெறும் வெறுப்பன்று என்பதற்குச் சான்று. மனை வாழ்வில் சலிப்புற்றுப் பொருளை வீசுதல் வேறு. எனதென்னும் பற்று அறுதல் வேறு. சலித்தவன் தான் வீசியதனால் எவர் காயமுற்றார் என்று திரும்பிப் பாரான்.

தாயார் திறத்திலும் இதனையே காண்கின்றோம். மாளிகையையும் மரக்கலத்தையும் ஒரு கணத்தில் விட்டவர், ஈன்றாள் உயிர் நீங்கும்போது எங்கிருப்பினும் வந்து ஈமக்கடன் செய்வதாகத் தாம் கொடுத்த வாக்கை மட்டும் விட்டிலர். அம்மையார் சிவபதம் எய்திய அன்று வந்து சேர்ந்தார். சுற்றத்தார் அடுக்கிய உலர்ந்த விறகை விலக்கிப் பச்சை வாழைமட்டைகளை அடுக்கிப் பாடல்களால் எரி மூட்டினார் என்பது வரலாறு. அப்பாடல்களைக் கண்ணீரின்றிப் படித்தாரை யாம் இதுகாறும் கண்டதில்லை. முற்றத் துறந்தார்க்குத் தாய்ப்பற்று ஆகுமோ என்று ஒரு மாணவர் எம்மை வினவியதுண்டு. பற்றும் கடனும் ஒன்றல்ல. பற்று நாம் பிறரிடத்திருந்து கொள்ள விழைவது. கடன் நாம் முன்னரே கொண்டதனைத் திருப்புவது. பத்துத் திங்கள் சுமந்த கடனைக் களைய வேண்டிய பொருளோடு சேர்த்து எண்ணுதல் எளிமையாகாது, நன்றி மறத்தலேயாம்.

தமக்கையார் செய்தி வேறுவகைத்து. பெருஞ்செல்வர் பிறந்த ஊரிலேயே பிச்சை ஏற்றுத் திரிதல் குடிக்கு இழிவென்று கருதி, அப்பத்தில் நஞ்சிட்டுக் கொடுத்தார் அவ்வம்மையார். அடிகள் அதனைக் கூரைமேல் எறிய, வீடு தீப்பற்றியது. எளிமையை அடியார் போற்றலாம்; உறவினர் பொறுத்தல் அரிது. இதனை மேலும் விரித்தல் வேண்டா.

பின்னர் அடிகள் தலங்கள்தோறும் சென்று வடபுலத்து உஞ்சை மாநகரை அடைந்தார். அரண்மனையிற் களவு செய்த கள்வர் வீசிய அணியொன்று, பிள்ளையார் கோயிலில் நிட்டையில் இருந்த அடிகள் கழுத்தில் விழுந்தது. யாவற்றையும் துறந்தாரைப் பொருள் தானே தேடி வந்து தொற்றியது போலும்! கள்வர் எனக் கொண்டு கழுவேற்றப் பணித்தனன் மன்னன். கழுமரம் எரிந்து சாம்பராயிற்று. அது கண்ட பத்திரகிரி மன்னர் அரசினை விட்டு அவர்க்கு அடியவராயினார். இவரை வடமொழியில் சதகங்கள் இயற்றிய பர்த்ருஹரியோடு ஒன்றாக எண்ணுவாரும் உளர். பெயரொப்புமை ஒன்றே அதற்குப் போதாது என்பது எம் துணிபு.

திருவிடைமருதூரில், கீழைக் கோபுர வாயிலில் ஆசிரியரும் மேலைக் கோபுர வாயிலில் மாணவரும் அமர்ந்திருந்தனர். பத்திரகிரியார் ஓடு ஒன்று ஏந்திப் பிச்சை ஏற்று, ஆசிரியரை ஊட்டி, எஞ்சியதைத் தாம் உண்பார். எஞ்சிய உணவை நாய் ஒன்று தின்று அவரைப் பிரியாது கிடந்தது. ஒருநாள் மருதவாணப் பெருமான் வறியவர் கோலத்தில் வந்து பட்டினத்தாரை இரந்தார். தம்மிடம் ஒன்றும் இல்லை. மேலை வாயிலில் ஒரு குடும்பத்தான் இருக்கின்றான், அங்கே செல்க என்று அடிகள் சொல்லியனுப்பினார். வந்தவர் சொல்லக் கேட்டார் பத்திரகிரியார். உஞ்சை நாட்டை விட்டவர்க்கு ஓர் ஓடும் ஒரு நாயும் குடும்பமாகி நின்றன! அவ்வளவில் ஓட்டை வீசி எறிந்தார். அது நாயின்மேற் பட்டு உடைந்தது. நாயும் உயிர் நீத்தது.

நாடு விட்டவர்க்கு ஓடு தெரியவில்லை. பிறர் சொல்லத் தெரிந்தது. பெரும்பொருள் தன்னைத் தானே காட்டிக்கொள்ளும். சிறுபொருளோ பயன்பாடு என்னும் போர்வையுள் மறைந்து கிடக்கும். ஓடு இன்றி ஆசிரியர்க்கு அமுது ஏற்பது எங்ஙனம் என்று பத்திரகிரியார் எண்ணியிருப்பர். எம் செம்புக்கும் யாம் அத்தகைய காரணம் ஒன்று வைத்திருந்தோம். பரிமேலழகர் முதலிய உரையாசிரியர் புறப்பற்றையும் அகப்பற்றையும் வேறு பிரித்துக் காட்டினர். ஓடு என்னும் மண்பாண்டம் புறத்தது. இஃது எனது ஓடு என்னும் நினைவு அகத்தது. கையை விட்டு எறியப்பட்டது முன்னது. அதனோடு உடைந்தது பின்னது.

ஆயினும் அந்நாயை எம்மால் எளிதிற் கடந்து செல்ல இயலவில்லை. அது செய்த பிழை யாது? அன்று சேந்தனார் காலில் விலங்கு ஏறியதுபோல, இன்று மற்றொருவர் துறவின் விலையை இவ்வாயில்லாப் பிராணி கொடுத்தது. கதையை இயற்றிய சான்றோர்க்கும் இது நெஞ்சில் உறுத்தியிருத்தல் வேண்டும். அவர்கள் அதனை அவ்வாறே விட்டாரல்லர். எச்சில் உண்ட புண்ணியத்தால் அந்நாய் காசி மன்னன் மகளாய்ப் பிறந்து, பழம்பிறப்புணர்ந்து, திருவிடைமருதூர்க்கு வந்து பத்திரகிரியாரை அடைந்தது என்றும், அவ்விருவரும் ஒருங்கே சோதியிற் கலந்தனர் என்றும் மரபு உரைக்கும். குடும்பம் என்று சுட்டப்பட்ட இருவரும் ஆசிரியர்க்கு முன்னே வீடெய்தினர். தமக்கு இன்னும் அது கூடவில்லையே என்று அடிகள் ஏங்கினார்.

அவர் ஏங்கியபோது இறைவன் அவர்க்குக் கொடுத்தது பேய்க்கரும்பு ஒன்று. அதன் நுனி எவ்விடத்தில் இனிக்கின்றதோ அவ்விடமே அவர் வீடெய்தும் இடம் என்பது திருவருட் குறிப்பு. கோவணம் ஒழிய எல்லாம் துறந்த அடிகள் கையில் இறுதிவரை இருந்த பொருள் இஃது ஒன்றே. அவர் படிமங்களிலும் அக்கரும்பையே காண்கின்றோம். ஓட்டை உடைமை என்று கண்டுரைத்த அவர் கரும்பைச் சுமந்தது என்னை என்று கேட்கத் தோன்றும். ஓடு நாம் தேடிக் கொண்டது, கரும்பு கொடுக்கப்பட்டது. ஓட்டால் ஏற்றது இவ்வுடம்பின் பொருட்டு. கரும்பை ஏந்தியது விடைபெறும் நாளை அறிதற்பொருட்டு.

கைத்த கரும்போடு பல தலங்கள் நடந்து திருவொற்றியூரை அடைந்தார். கடற்கரையில் அது இனித்தது. அங்கே ஆடிக்கொண்டிருந்த சிறுவரோடு அவரும் ஆடினார். அவர்கள் அவரைக் கூடையால் மூடுவர். அவர் மறைந்து வேறோரிடத்தில் தோன்றி நகைப்பர். கடல் வாணிகத்தால் மாடம் நிறைத்த முதியவர், கரையிற் சிறுவரோடு சிறுவராய் மணலில் ஆடிய அக்காட்சியை நினைக்குந்தோறும் எமக்கு உள்ளம் இளகும். ஒருமுறை மூடிய கூடையைச் சிறுவர் திறந்தபோது அங்கே சிவலிங்கம் ஒன்றே இருந்தது. ஆடித் திங்கள் உத்திராடத்தில் அவ்விடத்தே அவர்தம் குருபூசை நிகழ்ந்து வருகின்றது.

போகி கழிந்து சில நாட்கள் சென்றபின் யாம் மீண்டும் பரண் ஏறினோம். சுவடிகளை மட்டும், அவற்றுள் எஞ்சிய எழுத்துகள் பிறர்க்குப் பயன்படுமாறு, ஏடு காப்பார் ஒருவர்பால் ஒப்படைத்தோம். எம் தந்தையார் அவற்றைக் கடனாகவே பெற்றிருந்தார் என்பது ஓர் ஏட்டின் புறத்தே எழுதியிருந்த குறிப்பால் தெரிந்தது. செம்பு இன்னும் பரண்மேலே இருக்கின்றது.