இழுகயிறும் சொந்தச் சிறகும்: டாக்டர் காட்கேயின் சரித்திரம்

தேசத்துக்கு உழைத்தவர்கள் என்றவுடன் சிறைவாசம் செய்தவர்களையும் மேடைகளில் முழங்கியவர்களையும் நாம் நினைக்கிறோம். அது நியாயமே. ஆயினும், வரைபடப் பலகையின் முன் நின்றவாறே அடிமைத்தனத்தின் ஒரு முடிச்சை அவிழ்த்தவர்களும் உண்டு. இந்திய விமானத் தொழிலின் மூல புருஷர்களில் ஒருவரான டாக்டர் விஷ்ணு மாதவ காட்கே அத்தகையவர். காட்பாடியில் ரயிலேறி, ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை வழியாகச் சில மணி நேரம் பிரயாணம் செய்தால், அவர் உழைத்த பெங்களூரை அடைந்துவிடலாம். அவருடைய சரித்திரமோ, தோல் தொழிலை நம்பி வாழும் பாலாற்றுப் பிரதேசத்து மக்களுக்கு இன்னும் நெருக்கமானது.

காட்கே 1908-ம் வருஷம் மராட்டிய தேசத்தில் பிறந்தார். 1930-களில் உயர்தர விஞ்ஞானப் பயிற்சிக்காக ஜெர்மனியிலுள்ள கொட்டிங்கன் சர்வகலாசாலைக்குச் சென்றார். அங்கே ஆசிரியராக விளங்கியவர் லுட்விக் பிராண்டில். ஒரு பொருளின்மேல் காற்று ஓடும்போது அப்பொருளையொட்டிய மெல்லிய படலத்தில் நிகழ்வது எவ்வளவு முக்கியமானது என்பதை 1904-ல் எடுத்துக்காட்டி, நவீன விமான சாஸ்திரத்துக்கு அஸ்திவாரமிட்ட மேதை அவர். அம்மேதையின் கீழ் ஆராய்ச்சி செய்து காட்கே டாக்டர் பட்டம் பெற்றார்.

அந்நாளைய ஜெர்மனியில் விமான சாஸ்திரம் கற்றவன் கிளைடரை அறியாதிருக்க முடியாது. எஞ்சின் இல்லாத விமானத்துக்குக் கிளைடர் என்று பெயர். அது தரையிலிருந்து தானாக எழும்பாது. எஞ்சின் உள்ள மற்றொரு விமானம் நீண்ட கயிற்றினால் அதை இழுத்துக்கொண்டு மேலே செல்லும். வேண்டிய உயரம் வந்ததும், உள்ளே இருக்கும் விமானி ஒரு பிடியை இழுத்துக் கொக்கியை விடுவிப்பான். கயிறு விடுபட்ட கணத்திலிருந்து அவனுக்குத் துணை காற்றும் சிறகும் மட்டுமே.

அது எப்படி மிதக்கிறது என்பதை அறிய வேலூர்வாசிகள் ஜெர்மனிக்குப் போகவேண்டியதில்லை. சித்திரை வெயிலில் பாலாற்று மணலும் ஊரைச் சூழ்ந்த மொட்டைப் பாறைக் குன்றுகளும் கனல் கக்கும். அவற்றைத் தொட்ட காற்று சூடேறி, இலேசாகி, மேலே எழும். அந்த ஊற்றைக் கண்டுகொண்ட பருந்து சிறகை அசைக்காமலே வட்டமிட்டு மேலே மேலே செல்லும். கிளைடர் விமானி செய்வதும் அதுவே. ஆனால் சிறகின் அமைப்பில் ஒரு பிழை இருந்தாலும் ஊற்று அவனைத் தூக்காது. எஞ்சின் உள்ள விமானத்தில் சிறகின் குறையை எஞ்சினின் பலம் ஓரளவு மறைத்துவிடும். கிளைடரில் எதுவும் மறையாது. ஆகையால் விமான வடிவமைப்பைக் கற்போனுக்கு அதைவிடக் கண்டிப்பான உபாத்தியாயர் இல்லை.

ஜெர்மானியர் இக்கலையில் முதன்மை பெற்றதற்கு ஓர் அரசியல் காரணமும் உண்டு. முதல் உலக யுத்தத்தில் தோற்ற ஜெர்மனிக்கு 1919-ம் வருஷத்து வெர்சேல்ஸ் உடன்படிக்கை ராணுவ விமானங்களை அடியோடு விலக்கியது. சிவில் விமானத் தொழிலும் பல கட்டுகளுக்கு உட்பட்டது. எஞ்சினை இழந்த வாலிபர்கள் 1920 முதல் வாஸர்குப்பே என்ற குன்றில் கூடிக் கிளைடர்களைக் கட்டிப் பழகினார்கள். தடையே அவர்களுக்குப் பள்ளிக்கூடமாயிற்று. பின்னர் நாஜி ஆட்சி அந்த வித்தையைப் பிறநாடுகளை விழுங்கப் பயன்படுத்தியது உலகறிந்த பாதகம். கற்றவர்களின் அக்கிரமத்தால் கல்வி பொய்யாகிவிடாது. எஞ்சின் இல்லாத தேசமும் சிறகைப் பற்றிச் சிந்திக்கலாம் என்ற பாடம், அந்நிய ஆட்சியின்கீழ் இருந்த இந்தியனுக்குப் பெரிதும் வேண்டியதாயிருந்தது.

காட்கே தாய்நாடு திரும்பிய காலத்தில் இங்கே விமானத் தொழிற்சாலை என்று ஒன்றுமில்லை. அந்நியக் கப்பல் கம்பெனிகளோடு போராடிப் பெயரெடுத்த வால்சந்த் ஹீராசந்த், மைசூர் சமஸ்தானத்தின் ஆதரவைப் பெற்று, 1940 டிசம்பரில் பெங்களூரில் ஹிந்துஸ்தான் விமானக் கம்பெனியைத் தொடங்கினார். அமெரிக்க வரைபடங்களின்படி பயிற்சி விமானங்களையும் சண்டை விமானங்களையும் அங்கே பொருத்தத் தொடங்கினார்கள். அத்தொழிற்சாலையின் ஆரம்ப நாட்களிலேயே காட்கே அதில் சேர்ந்தார். பிறர் வரைந்ததைப் பார்த்துப் பொருத்துவதோடு அவர் மனம் திருப்தியடையவில்லை.

1940 மே 10-ந் தேதி ஜெர்மானியர் நூற்றுக்கும் குறைந்த வீரர்களைக் கிளைடர்களில் ஏற்றிச் சென்று, தகர்க்க முடியாதது என்று கருதப்பட்ட பெல்ஜியத்து எபென் எமேல் கோட்டையின் தலைமேல் இறக்கினார்கள். மறுநாள் கோட்டை சரணடைந்தது. எஞ்சின் ஓசையின்றிச் சிப்பாய்களை இறக்கும் கிளைடரின் மதிப்பு உலகத்துக்கு அன்று விளங்கிற்று. பெங்களூரில் காட்கே 10 பேர் அமரக்கூடிய கிளைடர் ஒன்றை வடிவமைத்தார். ஜி-1 என்று அதற்குப் பெயர். அத்தொழிற்சாலை தன் சொந்த வரைபடத்தைக் கொண்டு கட்டிய முதல் விமானம் அதுவே. எஞ்சினை இறக்குமதி செய்ய வழியின்றேல் எஞ்சின் வேண்டாத விமானத்தைக் கட்டுவோம் என்று சொல்லாமல் சொன்னதுபோல் அது அமைந்தது.

பின் என்ன நிகழ்ந்தது? 1941-ல் கம்பெனியில் பங்குதாரராக நுழைந்த இந்திய சர்க்கார், 1942-ல் நிர்வாகத்தைத் தன் வசமாக்கிக்கொண்டது. 1943-ல் தொழிற்சாலை அமெரிக்க விமானப்படையின் பழுதுபார்க்கும் தலமாக மாறியது. டகோட்டா முதலிய விமானங்கள் அங்கே செப்பனிடப்பட்டன. ஜி-1 கிளைடரோ ஒன்றே ஒன்றோடு நின்றது. 1944 மார்ச்சில், விங்கேட்டின் சேனையைப் பர்மாக் காட்டில் இறக்குவதற்காக, அஸ்ஸாமின் லாலாகட் தளத்திலிருந்து டகோட்டா விமானங்கள் ஒவ்வொன்றும் இரண்டு கிளைடர்களை இழுத்துக்கொண்டு இரவில் கிளம்பின. பல கயிறுகள் நடுவழியில் அறுந்தன. அன்று பறந்த கிளைடர்கள் யாவும் அமெரிக்காவில் செய்யப்பட்டவை. இந்திய மண்ணிலிருந்து கிளம்பிய படையெடுப்பில் இந்தியன் வரைந்த கிளைடருக்கு இடமில்லை.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் ஷாப்புகளை அறிந்தவர்களுக்கு இக்கதை புதிதாயிராது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு நம்மவர் பதனிட்ட தோல், கிழக்கிந்தியத் தோல் என்ற பெயரோடு லண்டன் சந்தைக்குக் கப்பலேறும். அங்கே சாயமும் மெருகும் பெற்றுச் செருப்பாகவும் பையாகவும் மாறும். நாற்றமும் கழிவுநீரும் நமக்கு. மெருகும் லாபமும் அவர்களுக்கு. பாதி வேலையோடு நிறுத்திவைப்பதே அந்நிய ஆதிக்கத்தின் இலக்கணம். 1970-களில் அரைப்பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்குச் சர்க்கார் வரம்பு கட்டிய பிறகே, முழு வேலையையும் இங்கே முடிக்கும் போக்கு வலுப்பெற்றது. இன்று ஆம்பூரிலிருந்து செருப்பும் பூட்ஸும் அயல்நாடு செல்கின்றன. விமானத் தொழிலுக்கும் அத்தகைய வரம்பு ஒன்று வேண்டியிருந்தது.

பழுதுபார்த்த வேலை முற்றிலும் வீண் என்று நாம் வாதிக்கவில்லை. எதிர்த்தரப்புக்கும் நியாயம் வழங்கவேண்டும். அந்த வேலையினால் ஏராளமான இந்தியத் தொழிலாளர் விமானத்தின் உறுப்புகளைக் கையால் தொட்டு அறிந்தார்கள். ஆனால் கை பழகியது போதாது, வரையும் அறிவும் வேண்டும் என்பதைக் காட்கே உணர்ந்திருந்தார். 1942-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் விமானப் பொறியியல் பகுதி தொடங்கப்பட்டபோது அதை முன்னின்று நடத்தியவர்களில் அவர் முதன்மையானவர். தாம் கொட்டிங்கனில் பெற்றதை மாணவர்களுக்கு வழங்கினார்.

சுதந்திரம் வந்தபின் அந்த விதை முளைத்தது. காட்கேயின் தலைமையில் வடிவமைக்கப்பட்ட எச்.டி-2 என்ற பயிற்சி விமானம் 1951 ஆகஸ்டில் முதன்முதல் பறந்தது. 150-க்கு மேற்பட்டவை கட்டப்பட்டன. நம் விமானப்படை வாலிபர்கள் பல தலைமுறைகளாக அதில் பயின்றார்கள். புதிதாக விடுதலை பெற்ற கானா தேசம் தன் விமானப்படைக்கு அவற்றில் 12-ஐ வாங்கிற்று. 1964-ல் காட்கேயின் குழுவினர் வடிவமைத்த கிரண் ஜெட் பயிற்சி விமானம் பறந்தது. மறுவருஷம் சர்க்கார் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1991-ல் அவர் காலமானார்.

எனினும் இச்சரித்திரத்தில் ஒரு குறை தீராமலே நிற்கிறது. ஜெர்மானியராகிய குர்ட் டாங்கோடு இந்தியப் பொறியாளர் உழைத்து உருவாக்கிய மாருத் சண்டை விமானம் 1961-ல் பறந்தது. அதன் உடலமைப்பு ஒலியை மிஞ்சும் வேகத்துக்கு ஏற்றது. அதற்குத் தக்க எஞ்சின் கடைசிவரை கிடைக்கவில்லை. கிடைத்த பிரிட்டிஷ் எஞ்சினோடு ஒலியின் வேகத்துக்குள்ளேயே அது அடங்கி நின்றது. இன்றைய தேஜஸ் விமானமும் அமெரிக்க எஞ்சினைக் கொண்டே பறக்கிறது. சிறகு நம்முடையது, இழுக்கும் பலம் பிறருடையது. அந்தக் கயிற்றை நாம் இன்னும் விடவில்லை.

விலைக்கு வாங்குவது மலிவாயிருக்க, சொந்தமாகச் செய்து நஷ்டப்படுவானேன் என்று கேட்போர் உண்டு. சமாதான காலத்துக் கணக்கு அது. கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருப்பவன் எந்த உயரத்தில், எந்தத் திசையில் விடுவான் என்பது அவன் இஷ்டம். அவனுக்கும் நமக்கும் வழக்கு நேரும் நாளில் அந்தக் கணக்கு செல்லாது. இழுகயிறு வெட்கத்துக்குரியது என்று நாம் சொல்லவில்லை. எந்தக் கிளைடரும் அதன் துணையின்றி எழும்புவது அரிது. விடும் நேரம் அறிந்து விடுவதே விமானியின் சாமர்த்தியம்.

வேலூருக்கு அருகே அப்துல்லாபுரத்தில் சிறு விமானத் தளம் ஒன்று உண்டு. சென்னை விமானக் கழகத்து மாணவர்கள் ஒரு காலத்தில் அங்கே வந்து பயின்றார்கள். அதன் மேலேயும் பருந்துகள் வட்டமிடுகின்றன. அவற்றை அண்ணாந்து பார்க்கும் நம் வாலிபர்கள், பறப்பதோடு நில்லாமல், பறப்பதை வரையவும், அதற்கான எஞ்சினை வார்க்கவும் கற்கவேண்டும். தோலை முழுவதும் பதனிடக் கற்ற பிரதேசத்துக்கு இது எட்டாத வித்தையன்று. டாக்டர் காட்கேயின் ஒற்றைக் கிளைடர் தொடங்கிவைத்த வேலை பாதியில் நிற்கிறது. அதை முடிப்பதே அவருக்கு நாம் செய்யத்தக்க மரியாதை.