கைத்திறன் வளர்த்த மேதை ஜி. டி. நாயுடு

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு செல்லும் இருப்புப்பாதையில் முதலமடை என்றொரு சிறு நிலையம் உண்டு. பெரும் ஆலமரங்கள் அதற்குக் குடை பிடித்து நிற்கும். மாங்கனிக்குப் பேர்போன ஊர் அது. கேரள எல்லைக்குள் இருப்பினும் தமிழும் மலையாளமும் அங்கே ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும். பறம்பிக்குளம் இவ்வூர்ப் பஞ்சாயத்தைச் சேர்ந்ததே. எனினும் அங்கே வண்டியில் செல்வோர் பொள்ளாச்சிப் பக்கம் வந்து, சேத்துமடை வழியாகவே மலையேற வேண்டும். சாலையும் வண்டியும் எத்துணை இன்றியமையாதவை என்பதை இவ்வட்டாரத்தாருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. இதே பொள்ளாச்சியிலிருந்து ஒரே ஒரு பஸ்ஸுடன் தொழில் தொடங்கி, உலகோர் வியக்க உயர்ந்த ஒருவரின் வரலாற்றை நாம் அறிதல் நன்று. அவரே கோவை தந்த மேதை ஜி. டி. நாயுடு.

கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில், 1893-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23-ஆம் நாள் துரைசாமி பிறந்தார். அதே ஆண்டில்தான் ஹங்கேரி நாட்டில் பாங்கி, சோன்கா என்னும் இருவர் கார்புரேட்டருக்கு உரிமம் பெற்றனர். இது தற்செயலே, எனினும் எஞ்சினோடு வாழ்நாள் முழுதும் உறவாடப் போகும் பிள்ளைக்குப் பொருத்தமான ஆண்டுதான்.

பள்ளிப் படிப்பு அவருக்குக் கசந்தது. சில வகுப்புகளோடு ஏட்டுக் கல்வி முடிந்தது. இளைஞராயிருந்தபோது, வெள்ளைக்கார வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வரக் கண்டார். மாடுமின்றிக் குதிரையுமின்றி ஓடிய அவ்வண்டி அவர் உள்ளத்தைக் கொள்ளை கொண்டது. அதை வாங்கியே தீருவதென உறுதி பூண்டு, கோவையில் ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலையில் அமர்ந்தார். காசு காசாய்ச் சேர்த்து, அந்த ரட்ஜ் வண்டியைத் தமதாக்கிக் கொண்டார். வாங்கியதும் அவர் செய்த வேலை அதைப் பிரித்துப் போட்டதுதான்! பிரித்தார், பார்த்தார், மீண்டும் பூட்டினார். அதுவே அவருக்குப் பள்ளிக்கூடம்.

அப்பள்ளியில் என்னென்ன பாடங்கள் இருந்தன என்பதை நாமும் சற்று எண்ணிப் பார்ப்போம். கார்புரேட்டரின் இடுங்கிய கழுத்தில் காற்று விரைந்து பாயும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அக்குறைவு பெட்ரோலை உறிஞ்சிக் காற்றோடு கலக்கிறது. பெட்ரோல் ஒரு பங்கென்றால், காற்று எடையில் ஏறத்தாழ 15 பங்கு வேண்டும். கழுத்து அகன்றதாயின் வேகத்தில் காற்று தாராளமாய்ச் சென்று வலிமை பெருகும்; மெதுவாய் ஓடுங்கால் காற்றின் விசை குன்றி எஞ்சின் இருமும். கழுத்து குறுகியதாயின் இதற்கு நேர்மாறு. பந்தயக் காருக்கு ஏற்றது, ஊர்தோறும் நின்று செல்லும் பஸ்ஸுக்கு ஏற்றதன்று. பெரிதே சிறந்தது என்பாரை எஞ்சின் எள்ளி நகையாடும்.

இன்னொரு பாடமும் உண்டு. பிஸ்டன் வளையங்களின் இடுக்கு வழியே எரிந்த வாயுவும் நீராவியும் சிறிதளவு கீழே கிராங்க் அறைக்குள் கசியும். போக்கிடம் இல்லையேல் அங்கே அழுத்தம் ஏறும். எண்ணெய் வெளியே வழியும். எஞ்சியது சேறாய்த் திரியும். பழைய வண்டிகளில் ஒரு குழாய் அந்த ஆவியைச் சாலையிலேயே விட்டது. 1960-களில்தான் அமெரிக்கக் கார்களில் ஒரு வால்வின் வழியே அதை மீண்டும் எஞ்சினுக்கே அனுப்பி எரிக்கும் முறை பரவியது. மூச்சு விட இடமின்றேல் மனிதரே போல் இயந்திரமும் திணறும். இவற்றை ஏட்டில் படிப்பது எளிது. கரிபடிந்த கையோடு கண்டறிவது வேறு.

1920-இல் நாயுடு ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே அதை ஓட்டினார். அவ்வழியில் அன்று இரயில் இல்லை. அந்த ஒற்றை வண்டியிலிருந்து யு. எம். எஸ். என்னும் பெரு நிறுவனம் வளர்ந்தது. பழுது பார்க்கும் பட்டறையே அவருக்கு ஆராய்ச்சிக் கூடமாயிற்று. 1937-இல் தே. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து, இந்தியாவிலேயே உருவான முதல் மின்சார மோட்டார் வெளிவரத் துணை நின்றார். மின்சாரச் சவரக் கருவி, மண்ணெண்ணெயில் சுழலும் விசிறி, பழச்சாறு பிழியும் பொறி எனப் பல அவர் கையில் மலர்ந்தன. 1952-இல் இருவர் அமரும் சிறு காரைச் செய்து, 2000 ரூபாய்க்குத் தர முடியும் என்று காட்டினார். அரசு உரிமம் வழங்கவில்லை; ஏழை நடுத்தர மக்களின் வாசலுக்கு வந்திருக்கக்கூடிய கார் பட்டறையிலேயே நின்று விட்டது.

மாணவத் தோழர்களே, அவர் வாழ்வில் நம்மை நேரே தொடும் பகுதி ஒன்றுண்டு. 1945-இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரால் தொழிற்கல்லூரி எழக் காரணமாயிருந்தவர் அவரே. அதன் முதல் முதல்வரும் அவரே. நான்காண்டுப் படிப்பு காலத்தை வீணாக்குவது, கைப்பயிற்சியோடு குறுகிய காலத்தில் கற்பிக்கலாம் என்பது அவர் கொள்கை. ஆட்சியாளர் உடன்படவில்லை, அவர் பதவி துறந்தார். அக்கல்லூரிதான் இன்று கோவை அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாய் விளங்குகிறது.

நான்காண்டும் வீண் என்று நான் சொல்லத் துணியேன். கணிதமும் இயற்பியலும் இன்றிக் கார்புரேட்டரின் கழுத்தை அளந்து வகுக்க இயலாது. ஆனால் பட்டம் பெற்ற பின்னும் ஒரு திருகைக் கழற்றிப் பாராத பொறியாளர் நம்மிடையே இல்லை என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்வார் யார்? நாயுடுவின் சினத்தில் நியாயம் உண்டு.

1974-ஆம் ஆண்டு சனவரி 4-ஆம் நாள் அப்பெருமகனார் மறைந்தார். கோவை அவிநாசி சாலையில் அவர் நினைவாய்த் தொழிற்பொருட்காட்சி இருக்கிறது. விடுமுறையில் அவ்வழியே செல்வோர் ஒருமுறை உள்ளே சென்று காண்க. கண்டு வந்த பின், வீட்டில் பழுதாகிக் கிடக்கும் ஏதேனும் ஒரு பொறியை எடுத்துப் பிரித்துப் பார்க்க. அதை மீண்டும் பூட்டவும் மறவாதிருக்க!