வாஞ்சிநாதன்

வாஞ்சிநாதன் (1886 – ஜூன் 17, 1911) இந்திய விடுதலைப் போராட்ட வீரர் ஆவார். அன்றைய திருவிதாங்கூரைச் சேர்ந்த செங்கோட்டையில் ரகுபதி ஐயர், ருக்மணி அம்மாள் தம்பதியருக்குப் பிறந்தார். இயற்பெயர் சங்கரன். மனைவி பொன்னம்மாள். புனலூரில் வனத்துறையில் பணியாற்றினார்.

பின்னணி

1908 இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சிறைப்பட்டதும், கோயம்புத்தூர்ச் சிறையில் அவர் செக்கிழுக்க வைக்கப்பட்டதும் இளைஞர்களைக் கொதிப்படையச் செய்தன. அவரது சுதேசிக் கப்பல் நிறுவனத்தை ஒடுக்கியவர் ஆஷ் துரையே என அவர்கள் கருதினர். நீலகண்ட பிரம்மச்சாரியின் இரகசிய அமைப்பில் சேர்ந்த வாஞ்சி, புதுச்சேரிக்குச் சென்று வ. வே. சு. ஐயரிடம் சுடும் பயிற்சி பெற்றார்.

துப்பாக்கி

வாஞ்சியின் துப்பாக்கியை ரிவால்வர் என்று எழுதுவோர் உண்டு, அது தவறு. அது பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் தானியங்கிக் கைத்துப்பாக்கியாகும். அக்கால ஆங்கிலேயப் படை அதிகாரிகளின் வெப்லி ரிவால்வர் .455 அங்குலக் குண்டுகள் ஆறினைக் கொண்டது. கனமான அதன் புடைத்த சுழல் உருளை ஆடைக்குள் மறையாது. பிரௌனிங்கில் உருளை இல்லை. குண்டுகள் கைப்பிடிக்குள்ளேயே அடங்குவதால் தட்டையாக இருக்கும். குண்டின் வலிமை குறைவுதான்; எனினும் மிக நெருங்கிச் சுடுபவருக்கு மறைத்துக் கொண்டுசெல்வதே முதன்மையானது. 1909 இல் நாசிக் ஆட்சியர் ஜாக்சனைக் கொல்லவும் பிரௌனிங்கே பயன்பட்டது.

மறைவு

ஜூன் 17, 1911 அன்று மணியாச்சி சந்திப்பில், இரயில் பெட்டியில் மனைவியுடன் அமர்ந்திருந்த திருநெல்வேலி ஆட்சியர் ஆஷை வாஞ்சி சுட்டுக் கொன்றார். பின்னர் நடைமேடைக் கழிவறைக்குள் புகுந்து, அதே துப்பாக்கியால் தம் வாயில் சுட்டுக்கொண்டு உயிர்துறந்தார். உடன் வந்த மாடசாமி தப்பியோடினார், அவர் பிடிபடவேயில்லை. சதி வழக்கில் நீலகண்ட பிரம்மச்சாரி முதல் குற்றவாளியாகத் தண்டிக்கப்பட்டார். அந்நிலையம் பின்னாளில் வாஞ்சி மணியாச்சி எனப் பெயர் பெற்றது.