ஜிம் கிளார்க்: ரேஸ் காரில் ஒரு விவசாயி

ஹாஸ்டலில் என் ரூம் சுவரில் ஒட்டியிருந்த பச்சை நிற ரேஸ் கார் படம் நம்ம பேட்ச் நண்பர்களுக்கு ஞாபகம் இருக்கும். அது லோட்டஸ் கார். ஓட்டியவர் ஜிம் கிளார்க். மலருக்குக் கட்டுரை கேட்டதும் அவர்தான் நினைவுக்கு வந்தார்.

1936 மார்ச் 4-ம் தேதி ஸ்காட்லாந்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். நாலு அக்காக்களுக்குப் பிறகு ஒரே பையன். பண்ணையைப் பார்த்துக்கொள்ள வேண்டியவன் ரேஸுக்குப் போவது வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. ஆனாலும் 1956-ல் களத்தில் இறங்கினார். லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் கண்ணில் பட்டு, 1960-ல் பார்முலா ஒன்னுக்கு வந்தார். 1963, 1965 இரண்டு வருடமும் உலக சாம்பியன். 1965-ல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தையும் ஜெயித்தார். மொத்தம் 72 கிராண்ட் பிரிக்ஸில் 25 வெற்றி!

இன்னும் இரண்டு பட்டங்கள் கைக்கு வந்து நழுவின. 1962-ல் கடைசிப் பந்தயத்தில் முன்னணியில் ஓடும்போது எஞ்சினில் ஒரு போல்ட் கழன்று ஆயில் ஒழுகியது. 1964-லும் கடைசிப் பந்தயம், முடியும் தறுவாயில் மறுபடி ஆயில் கசிவு. ஓட்டியவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. சின்னப் பாகம் ஒன்று கைவிட்டது, அவ்வளவுதான்.

1968 ஏப்ரல் 7. ஜெர்மனியின் ஹாக்கன்ஹைம் மைதானம். பார்முலா டூ பந்தயம், ஈரமான பாதை. ஐந்தாவது சுற்றில், மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் போய்க்கொண்டிருந்த அவர் கார் கட்டுப்பாட்டை இழந்து, பாதையை விட்டு விலகிக் காட்டு மரங்களில் மோதியது. அந்த இடத்தில் தடுப்பு வேலி இல்லை. அவருக்கு வயது 32.

கிளார்க் தப்பு செய்திருப்பார் என்று சக ஓட்டுநர்களால் நம்ப முடியவில்லை. உடைந்த பாகங்களை ஆராய்ந்தவர்கள், பின்பக்க டயரில் காற்று மெல்ல இறங்கியதே காரணமாக இருக்கலாம் என்று முடிவுக்கு வந்தார்கள். நம்ம மெக்கானிக்கல் ஆட்களுக்கு இது உடனே புரியும். நேர்பாதையில் வேகமாகச் சுழலும்போது மையவிலக்கு விசை டயரை விறைப்பாக வைத்திருக்கும். காற்று குறைந்தது தெரியாது. லேசான வளைவில் பக்கவாட்டு அழுத்தம் வந்ததும் டயர் ரிம்மை விட்டு உள்ளே இறங்கிவிடும். அதற்குப் பிறகு எப்பேர்ப்பட்ட கையாலும் ஸ்டியரிங்கை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

சர்ன்சைட் என்ற ஊரில் அடக்கம் செய்தார்கள். கல்லறையில் முதலில் விவசாயி என்று பொறித்து, அப்புறம்தான் சாம்பியன் என்று போட்டிருக்கிறார்கள்.

சில வருஷம் முன்னாடி ஒரு பிளாண்ட்டில் பிரஸ் மெஷின் ஒன்று பழுதானது. ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான்தான். அவருக்குச் சம்பளம் பிடித்தார்கள். பிறகு பிரித்துப் பார்த்தால், ஹைட்ராலிக் ஹோஸில் கண்ணுக்குத் தெரியாத கசிவு. ரிப்போர்ட்டை மாற்றி எழுதினேன், பணமும் திரும்பக் கிடைத்தது. ஆனா அந்த மனுஷர் முகத்தை நேராகப் பார்க்க இன்னமும் கூச்சமாத்தான் இருக்கு.

உலகத்திலேயே நல்ல ஓட்டுநருக்கும் ஒரு டயர் போதும். அதனால், எதாவது பழுதானால் யார் செய்தது என்று கேட்பதற்கு முன்னால் எது பழுதானது என்று குனிந்து பார்ப்போம். நம்ம படிப்பு அதுக்குத்தானே!